ஸனது பெற்ற பின்னும் ஒரு பாடம்

ஹிஜ்ரி 319ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 931இல், பக்தாத் நகரில் மருத்துவர் ஒருவர் செய்த தவற்றால் ஒரு மனிதர் உயிரிழந்தார். அவர் பெயர் என்ன, அவருக்கு வந்த நோய் யாது என்பவற்றை வரலாற்றாசிரியர்கள் குறித்து வைக்கவில்லை. பொதுமக்களுள் ஒருவர் என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆயினும் அந்தப் பெயரற்ற மனிதரின் மரணச் செய்தி கலீஃபா அல்முக்ததிரின் செவிக்கு எட்டியபோது பிறந்த ஆணை, மருத்துவ வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றுவிட்டது. நகரின் முஹ்தஸிபாகிய மேற்பார்வை அதிகாரிக்குக் கலீஃபா கட்டளையிட்டார்: தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித் சோதித்துப் பார்த்து எழுத்து மூலம் சீட்டுக் கொடுத்தாலன்றி இனி எவரும் மருத்துவம் பார்க்கலாகாது.

இச்செய்தியைப் பலரும் எடுத்து எழுதியிருக்கிறார்கள். உலகின் முதல் மருத்துவத் தேர்வு என்று பெருமையோடு குறிப்பிடுவோரும் உண்டு. முதலா, இரண்டாவதா என்ற வாதம் நமக்குத் தேவையில்லை. அரபு மூலத்தில் கவனிக்கத்தக்க நுட்பம் வேறொன்று இருக்கிறது. ஸினான் கொடுத்த சீட்டில், இவர் மருத்துவர் என்று பொதுப்படையாக எழுதப்படவில்லை. இக்கலையில் இவருக்கு எந்தப் பகுதி அனுமதிக்கப்படுகிறது என்பதே எழுதப்பட்டது. ஒருவர் எதை அறிவார் என்பதோடு, எதில் அவர் கை வைக்கக் கூடாது என்பதும் அச்சீட்டினால் தீர்மானமாயிற்று. பக்தாதின் இரு கரைகளிலும் சோதனைக்கு வந்தவர்கள் 860க்கும் அதிகமானோர். கலையில் புகழ் பெற்றிருந்தமையால் சோதனை வேண்டாதவர்களும் அரசுப் பணியில் இருந்தவர்களும் இக்கணக்கில் சேரவில்லை.

அவ்வாறு வந்தவர்களுள் ஒரு முதியவரைப் பற்றிய செய்தி சுவையானது. நல்ல உடையும் கம்பீரத் தோற்றமும் கொண்ட அப்பெரியவரைக் கண்டதும் ஸினான் மரியாதையோடு அமர்த்தி, மற்றவர்களை விசாரித்து அனுப்பிய பின் அவர் பக்கம் திரும்பி, தங்கள் ஆசிரியர் யார் என்று வினவினார். பெரியவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு பண முடிப்பை எடுத்து முன்னே வைத்தார். தமக்குச் சரிவர எழுதப் படிக்கத் தெரியாது என்றும், எந்த நூலையும் ஓதியதில்லை என்றும், தம் குடும்பத்தின் பிழைப்பு இத்தொழிலைக் கொண்டே நடப்பதால் அதை அறுத்துவிட வேண்டாம் என்றும் வேண்டினார். ஸினான் சிரித்துவிட்டார். அறியாத நோயில் துணிந்து இறங்கக் கூடாது, எளிய நோய்க்கன்றி இரத்தம் எடுக்கவோ பேதிக்குக் கொடுக்கவோ சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதித்தார். தம் ஆயுள் முழுவதும் அதுவே தம் வழக்கம், காடித்தேன் பானகத்தையும் பன்னீர்ப் பாகையும் தாம் தாண்டியதே இல்லை என்றார் பெரியவர். மறுநாள் அழகிய இளைஞன் ஒருவன் வந்தான். யாரிடம் கற்றாய் என்று கேட்க, என் தந்தையிடம் என்றான். யார் உன் தந்தை என்று கேட்க, நேற்று வந்த ஷைகுதான் என்றான். அவர் வழியிலேயே நீயும் செல்கிறாயா என்று கேட்டு, ஆம் என்றதும், அதைத் தாண்டிவிடாதே என்று சொல்லி ஸினான் அவனை அனுப்பி வைத்தார்.

சிரிப்புக்குரிய கதைதான். ஆனால் இதிலுள்ள நியாயத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பானகம் கொடுக்கும் பெரியவரால் எவருக்கும் கேடில்லை. அவருடைய எல்லை அவருக்குத் தெரிந்திருந்தது. நள்ளிரவில் மூச்சுத் திணறும் ஒருவரைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்கு மக்கள் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் வினா. அவசர நோயாளி மருத்துவனைத் தேர்ந்தெடுத்து வருவதில்லை. எந்த வாசல் திறந்திருக்கிறதோ அங்கே கொண்டுவரப்படுகிறார். அந்த வாசலில் நிற்பவர் யார், பட்டம் பெற்ற பின் அந்த இடத்துக்கென்று அவர் தனியே என்ன கற்றார் என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

ஸினானுக்குச் சற்று மூத்தவரான அர்ராஸி, ரய் நகரத்திலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக விளங்கியவர். அவருடைய சபை எப்படி அமைந்திருந்தது என்பதை இப்னு அந்நதீம் தம் ‘ஃபிஹ்ரிஸ்த்’ நூலில் பதிவு செய்துள்ளார். நடுவே அர்ராஸி, அவருக்கு அடுத்து அவருடைய மாணவர்கள், அவர்களுக்கு அப்பால் மாணவர்களின் மாணவர்கள் என வட்டம் வட்டமாக அமர்ந்திருப்பார்கள். நோயாளி முதலில் வெளிவட்டத்தாரிடம் தம் நோயைச் சொல்வார். அவர்களுக்கு விளங்கினால் சரி. இல்லையேல் உள்வட்டம். அங்கும் விளங்காவிட்டால் அர்ராஸி பேசுவார். நம் மதரஸாக்களில் மேல் ஜமாஅத் மாணவர் கீழ் ஜமாஅத் மாணவருக்குப் பாடத்தை மீண்டும் சொல்லிக் கொடுக்க, உஸ்தாத் தூணோரம் அமர்ந்து செவிமடுத்துக்கொண்டிருக்கும் காட்சியைக் கண்டவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. முதலில் நோயாளியைப் பார்ப்பவர் இளையவர் என்பதில் குறையில்லை. அவருக்குப் பின்னால் மூத்தவர் ஒருவர் இருக்கிறாரா என்பதே கேள்வி.

அர்ராஸிக்கு மூன்று நூற்றாண்டுக்குப் பின் வாழ்ந்த இப்னுல் குஃப் என்னும் கிறிஸ்தவ அறுவை மருத்துவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். கி.பி. 1233இல் கரக் நகரில் பிறந்த இவர், மருத்துவர்களின் வரலாற்றை எழுதிப் புகழ் பெற்ற இப்னு அபீ உஸைபிஆவின் மாணவர். இன்றைய ஜோர்தானிலுள்ள அஜ்லூன் கோட்டையிலும் பின்னர் திமிஷ்கின் கோட்டையிலும் படைவீரர்களுக்கு மருத்துவம் செய்தார். சிலுவைப் போர்களும் தாத்தாரியர் படையெடுப்பும் அந்நாட்டை அலைக்கழித்த காலம் அது. அம்பு தைத்தவர்களும் வாள் வெட்டுப் பட்டவர்களும் வந்து குவிந்தார்கள். அறுவைக் கலைஞர்கள் சில களிம்புகளைக் குழைப்பதோடு தம் கல்வியை முடித்துக்கொள்கிறார்கள் என்ற குறைபாடே ‘அல்உம்தா’ என்னும் நூலை எழுத இவரைத் தூண்டியது. இருபது பகுதிகளைக் கொண்ட அந்நூல் முழுவதும் அறுவை மருத்துவத்துக்கென்றே எழுதப்பட்டது. தொழிலில் ஏற்கெனவே இருப்பவர்கள் தம் தொழிலை மீண்டும் கற்க வேண்டும் என்பதற்காகவே ஒருவர் பேனா பிடித்தார் என்பது சாதாரணச் செய்தியன்று.

போர்க்களமே அவசர மருத்துவத்தின் பள்ளிக்கூடமாக நெடுங்காலம் இருந்து வந்தது. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, காயம்பட்டவர்களைப் போர் முடியும்வரை கிடக்க விடாமல் இடையிலேயே ஏற்றிவரும் விரைவு வண்டிகளை அமைத்தார். 1798இல் எகிப்துக்குப் படையோடு வந்தபோது மணலில் வண்டிச் சக்கரம் ஓடாது என்று கண்டு, ஒட்டகங்களின் இரு புறமும் தூளி போன்ற பெட்டிகளைக் கட்டிக் காயம்பட்டவர்களைச் சுமக்கச் செய்தார். பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே முன்பின் வகுக்க வேண்டும் என்று அவர் வகுத்த விதி இன்றும் எல்லா அவசரப் பிரிவுகளுக்கும் அடிப்படை.

போர்க்களத்தில் இவ்வளவு தேறிய கலை, அமைதிக் காலத்து மருத்துவமனையில் பின்தங்கிப் போனது விந்தையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மயக்க மருந்து வந்தது. நுண்ணுயிரிகளைப் பற்றிய அறிவு வந்தது. மருத்துவம் பல துறைகளாகக் கிளைத்தது. கண்ணுக்கொருவர், எலும்புக்கொருவர், இதயத்துக்கொருவர் என்று நிபுணர்கள் பெருகினார்கள். ஒவ்வொரு துறைக்கும் பட்டத்துக்கு மேல் பட்டம், பல ஆண்டுப் பயிற்சி. ஆனால் நிபுணர்கள் எல்லாரும் மாடியில் இருந்தார்கள். கீழே தெருவைப் பார்த்த வாசலில், ‘காஷுவாலிட்டி’ என்று வழங்கிய அந்த அறையில், அப்போதுதான் கல்லூரியை விட்டு வெளிவந்த இளைஞர் ஒருவர் முறை வைத்து நிறுத்தப்பட்டார். சில வேளைகளில் தோல் மருத்துவம் பயில்பவர், சில வேளைகளில் கண் மருத்துவம் பயில்பவர். யாருக்கு முறையோ அவர். மருத்துவமனை முழுவதிலும் மிகக் கடுமையான நோயாளி நுழையும் வாசலில் மிகக் குறைந்த அனுபவம் உடையவர் நின்றார் என்பதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. அர்ராஸியின் சபையில் வெளிவட்டம் இருந்தது. உள்வட்டமும் இருந்தது. இங்கே வெளிவட்டம் மட்டுமே எஞ்சியது.

இங்கிலாந்தில் இக்குறையை முதலில் தம் வாழ்க்கைப் பணியாக ஏற்றவர் மோரிஸ் எல்லிஸ். 1952இல் லீட்ஸ் நகரப் பொது மருத்துவமனையில் காஷுவாலிட்டிக்கென்றே தனி மூத்த மருத்துவராகப் பொறுப்பேற்றார். பத்தாண்டு கழித்து 1962இல் வந்த பிளாட் குழுவின் அறிக்கை, அப்பிரிவின் பெயரை ‘விபத்து மற்றும் அவசரப் பிரிவு’ என்று மாற்ற வேண்டும், மூத்தவர் பொறுப்பு வேண்டும் என்றது. பொறுப்பு பெரும்பாலும் எலும்பு நிபுணர்களிடம் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்கோ தம் சொந்த அறுவைக் கூடத்திலேயே வேலை மிகுதி. ஆகவே பெயர் மாறிற்று, வாசல் அப்படியே இருந்தது. 1967இல் எல்லிஸைத் தலைவராகக் கொண்டு காஷுவாலிட்டி மருத்துவர் சங்கம் அமைந்தது. 1972இல் சோதனை முயற்சியாகச் சுமார் 30 தனிப் பதவிகள் உருவாக்கப்பட்டன. அதன் பிறகே இத்துறையில் முறையான மேற்பயிற்சி வேரூன்றியது. அன்றைய சிறு சங்கத்தின் வழிவந்த கல்லூரி, 2015 முதல் ராயல் என்ற அடைமொழியைப் பெற்று விளங்குகிறது.

அமெரிக்காவின் கதை இதைவிட வேதனையானது. 1966இல் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தார் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் மட்டும் விபத்துகளால் இறந்தவர்கள் 107,000 பேர். அவர்களுள் மோட்டார் வாகன விபத்தில் மாண்டவர்கள் 49,000 பேர். புறக்கணிக்கப்பட்ட நோய் என்று அவ்வறிக்கை விபத்துக்குப் பெயர் சூட்டிற்று. இன்னொரு செய்தியையும் அது பதிவு செய்தது. நாட்டின் ஆம்புலன்ஸ் பணியில் ஏறக்குறைய பாதியை நடத்தி வந்தவர்கள் சவ அடக்கம் செய்யும் தொழிலினர்! மனிதரைப் படுத்தபடி ஏற்றிச் செல்லத் தக்க நீண்ட வண்டி அவர்களிடமே இருந்தது என்பது காரணம். உயிருக்குப் போராடுபவரையும் உயிர் நீத்தவரையும் ஒரே வண்டி சுமந்தது.

அந்த அறிக்கைக்கு ஐந்தாண்டு முன்னரே, 1961இல், வர்ஜீனியா மாநிலத்து அலெக்ஸாண்டிரியா நகரில் ஜேம்ஸ் மில்ஸ் என்பவரும் அவருடைய தோழர் மூவரும் ஒரு துணிவான காரியம் செய்திருந்தனர். நன்றாக நடந்துகொண்டிருந்த தம் சொந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு, மருத்துவமனையின் அவசர அறையிலேயே இரவு பகலாக முறை வைத்து முழு நேரமும் பணியாற்றத் தொடங்கினர். வேறு ஊர்களிலும் இது பரவிற்று. அவ்வாறு பரவியபோதுதான் அவர்களுக்கே ஓர் உண்மை புலப்பட்டது. இந்த அறைக்கென்று எவரும் தங்களுக்கு எதையும் கற்பிக்கவில்லை! 1968இல் மிச்சிகன் மாநிலத்தில் எட்டு மருத்துவர்கள் கூடி ஒரு கழகம் அமைத்தனர். 1970இல் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் அவசர மருத்துவத்துக்கென்று பட்டமேற்பயிற்சி தொடங்கியது. சேர்ந்தவர் ஒரே ஒரு மாணவர். புரூஸ் ஜானியாக் என்பது அவர் பெயர். ஒரு கலையின் முதல் வகுப்பில் ஒற்றை மாணவர் அமர்ந்திருந்த அக்காட்சி எனக்குப் பெரிதும் பிடித்தமானது. பெரிய கிதாபுகள் பலவும் அவ்வாறு ஒற்றை மாணவருக்கு ஓதிக் கொடுக்கப்பட்டே நம் கைக்கு வந்திருக்கின்றன.

அப்படி அங்கே கற்பிக்கப்படுவது என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். இதயம் அறிந்த இதய நிபுணரும், எலும்பு அறிந்த எலும்பு நிபுணரும் இருக்கும்போது இந்த மூன்றாமவர் எதை அறிவார்? இதே கேள்வியைத்தான் அமெரிக்க நிபுணர் வாரியங்களின் பேரவையும் கேட்டது. 1977இல் அவசர மருத்துவத்தைத் தனித் துறையாக ஏற்கலாமா என்று வாக்கெடுத்தபோது எதிர்த்தவர்கள் 100 பேர், ஆதரித்தவர்கள் 5 பேர். தமக்கென்று சொந்தமான அறிவு எதுவும் இல்லாதவர்கள், எல்லாத் துறைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டவர்கள் என்பதே எதிர்த்தோரின் வாதம்.

வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசலில் நின்று பார்த்தால் வேறு விதமாகத் தோன்றும். மாடியிலுள்ள நிபுணரிடம் நோயாளி வரும்போது பெரும்பாலும் நோயின் பெயரோடு வருகிறார். வாசலுக்கு வருபவரிடம் நோயின் பெயர் இல்லை. வேதனை மட்டுமே இருக்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வருகிறார். இதய இரத்தக் குழாய் அடைத்திருக்கலாம். நுரையீரலுக்கு இரத்தக் கட்டி ஏறியிருக்கலாம். பெருந்தமனியின் சுவர் கிழிந்திருக்கலாம். வெறும் புளியேப்பமாகவும் இருக்கலாம். இதய அடைப்புக்குக் கொடுக்கும் இரத்தம் இளக்கும் மருந்தைப் பெருந்தமனி கிழிந்தவருக்குக் கொடுத்தால் அம்மருந்தே அவரைக் கொன்றுவிடக் கூடும். மற்ற நிபுணர்கள், இது என்னவாக இருக்க மிகவும் வாய்ப்புண்டு என்று தொடங்குகிறார்கள். அவசர மருத்துவரோ, இவற்றுள் எது இவரை முதலில் கொல்லும், அது இல்லை என்று எப்படி உறுதி செய்வது என்று தொடங்குகிறார். குறைந்த செய்தியை வைத்துக்கொண்டு, குறுகிய நேரத்தில், ஒரே வேளையில் பலரை மனத்தில் நிறுத்தி முடிவெடுப்பது ஒரு தனிக் கலை. மூச்சுக் குழாயில் குழல் இறக்குவது, நஞ்சுண்டவரைக் கையாள்வது, குழந்தைக்கு எடையறிந்து மருந்தளவு கணிப்பது, இறந்தவரின் வீட்டாருக்குச் செய்தி சொல்வது ஆகிய அனைத்தும் அதனுள் அடக்கம். இரண்டு ஆண்டுக்குள் எதிர்ப்பு தளர்ந்தது. 1979இல் அமெரிக்காவின் 23ஆவது மருத்துவத் துறையாக அது ஏற்கப்பட்டது.

மருத்துவரின் கல்வியை மட்டும் சொல்லிவிட்டு நின்றால் வரலாறு பாதியாகிவிடும். நோயாளியின் மீது முதலில் படும் கை பெரும்பாலும் மருத்துவரின் கையன்று. பிட்ஸ்பர்க் நகரில் பீட்டர் ஸஃபார் என்னும் மயக்கவியல் மருத்துவர் இருந்தார். மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டியவர்களுள் ஒருவர். 1966இல் அவருடைய இளம் மகள் ஆஸ்துமாத் தாக்குதலால் இறந்தாள். அதே ஆண்டு நவம்பரில் அம்மாநில முன்னாள் ஆளுநர் மேடையில் மயங்கி விழ, போலீஸ் வண்டியிலேயே அவரைக் கொண்டுசென்றார்கள். அவர் மீளவில்லை. 1967இல் ஸஃபாரும் அவர் நண்பர்களும் அந்நகரின் ஹில் வட்டாரத்துக் கறுப்பின இளைஞர்களைத் திரட்டி, ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்ற பெயரில் ஆம்புலன்ஸ் சேவை தொடங்கினர். வேலையற்றோர் என்று ஊர் ஒதுக்கிய அவர்களுக்குச் சுமார் 300 மணி நேரப் பயிற்சி அளிக்கப்பட்டது. அன்றைய அமெரிக்காவில் ஆம்புலன்ஸில் செல்வோர்க்கு அத்தகைய பயிற்சி கிடைத்ததே அரிது. 1974இல் நான்ஸி கரோலைன் என்ற இளம் பெண் மருத்துவர் அதன் பொறுப்பை ஏற்று அவர்களோடு வண்டியிலேயே சென்று கற்பித்தார். அந்த அனுபவத்திலிருந்து அவர் வகுத்த பாடத்திட்டம் நாடு முழுவதற்கும் முன்மாதிரி ஆயிற்று.

ஆனால் 1975இல் பிட்ஸ்பர்க் நகர நிர்வாகம் தனக்கென்று ஆம்புலன்ஸ் பிரிவை அமைத்ததும் ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. அதில் பணியாற்றியவர்கள் சிலரே புதிய அமைப்பில் நிலைத்தார்கள். மற்றவர்கள் நாளடைவில் ஒதுக்கப்பட்டார்கள். நாடு முழுவதும் பாடமாகப் படித்த ஒன்றை முதலில் தெருவில் நின்று செய்து காட்டியவர்களின் பெயர் பல ஆண்டுகள் எந்தப் பாடநூலிலும் வரவில்லை. இதைப் படித்தபோது ஏற்பட்ட மனக்கசப்பை மறைக்க விரும்பவில்லை.

இனி, பட்டம் பெற்றவரே மீண்டும் மாணவராக அமர வேண்டும் என்பதை உலகம் முழுவதும் ஏற்கச் செய்த நிகழ்ச்சிக்கு வருவோம். 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் எலும்பு அறுவை நிபுணர், மனைவியையும் நான்கு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு தம் சிறு விமானத்தைத் தாமே ஓட்டி வந்தார். இருள் சூழ்ந்த வேளையில் அது நெப்ராஸ்கா மாநிலத்து வயலொன்றில் விழுந்து நொறுங்கியது. மனைவி அங்கேயே இறந்தார். குழந்தைகளுள் மூவருக்குக் கடுமையான காயம். தாமும் காயமுற்ற ஸ்டைனர் அந்தக் குளிரில் குழந்தைகளைத் தம்மால் இயன்றவாறு கவனித்து, சாலைக்குச் சென்று வண்டியொன்றை நிறுத்தி, அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். கதவு பூட்டியிருந்தது. மருத்துவர்கள் வந்த பின்னரும் இத்தகைய காயங்களைக் கையாளும் பயிற்சி அவர்களுக்கு இல்லை என்பதைக் கண்டார். கையில் எதுவும் இல்லாமல் வயல்வெளியில் தாம் செய்த சிகிச்சை, மருத்துவமனையில் கிடைத்ததைவிட மேலாக இருந்ததென்றால் அமைப்பிலேயே பிழை இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். அந்த மருத்துவர்களைத் தூற்றுவதில் அவர் காலத்தைக் கழிக்கவில்லை. அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை என்பதை உணர்ந்து, கற்பிக்கும் வேலையைத் தொடங்கினார்.

1978இல் நெப்ராஸ்காவின் ஆபர்ன் என்ற ஊரில் முதல் வகுப்பு நடந்தது. 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதைத் தன் பாடமாக ஏற்றது. இன்று 80க்கு மேற்பட்ட நாடுகளில் அது கற்பிக்கப்படுகிறது. பயின்ற மருத்துவர்கள் 10 இலட்சத்துக்கும் அதிகம்.

அப்பாடத்தின் சாரம் வியக்கத்தக்க அளவு எளிமையானது. மருத்துவக் கல்லூரியில் கற்பிக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் நோயின் வரலாற்றைக் கேள், பிறகு தலை முதல் கால் வரை சோதி, பிறகு நோயின் பெயரை முடிவு செய், அதன் பின் சிகிச்சை. ஓய்வாகப் படுத்திருக்கும் நோயாளிக்கு இது சரி. இரத்தம் பெருகிக் கிடப்பவர் இந்த ஒழுங்கு முடியுமுன் இறந்துவிடுவார். ஆகவே புதிய பாடம் ஒழுங்கைத் திருப்பிப் போட்டது. மூச்சு செல்லும் வழி திறந்திருக்கிறதா என்று முதலில் பார். அடைத்திருந்தால் அதைத் திற. திறக்காமல் அடுத்ததற்குப் போகாதே. இரண்டாவது, மூச்சு உண்மையில் நடைபெறுகிறதா. மூன்றாவது, இரத்த ஓட்டம். நான்காவது, மூளையின் நிலை. ஐந்தாவது, உடையை நீக்கி மறைந்த காயங்களைத் தேடு, ஆனால் உடல் குளிர்ந்துவிடாமல் மூடு. நோயின் பெயர் தெரியும்வரை சிகிச்சைக்காகக் காத்திராதே. எது விரைவில் கொல்லுமோ அதை முதலில் தடு.

வகுப்பு இரண்டு மூன்று நாள்களே. அதில் இருபது ஆண்டு அனுபவமுள்ள அறுவை நிபுணரும் நேற்றுப் பட்டம் பெற்றவரும் ஒரே வரிசையில் அமர்கிறார்கள். காயம்பட்டவரைப் போல் நடிக்கும் ஒருவரைக் கிடத்தி, செய்துகாட்டச் சொல்லித் தேர்வு வைக்கிறார்கள். தேறாதவர் மீண்டும் வர வேண்டும். தேறியவருடைய சான்றிதழுக்கும் நான்கு ஆண்டே ஆயுள். அதற்குப் பின் திரும்பவும் வந்து அமர வேண்டும். நாம் அறிந்த இஜாஸாக்கள் ஒருமுறை பெற்றால் ஆயுள் முழுவதும் செல்லுபடியாகும். தவணை குறித்த ஸனது என்பது எங்கள் தலைமுறைக்குப் புதுமையானது. அறிவு பழையதாகிவிடும் என்பதோடு, செய்யாத கையும் மறந்துவிடும் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு இக்கல்வி தாமதமாகவே வந்தது. பெரிய மருத்துவமனைகளில் காஷுவாலிட்டி இல்லாமலில்லை. முறை வைத்து அனுப்பப்பட்ட மருத்துவர்களே அங்கும் பெரும்பாலும் நின்றார்கள். 2009இல்தான் இந்திய மருத்துவக் கவுன்சில் அவசர மருத்துவத்தைத் தனித் துறையாக ஏற்றது. எம்.பி.பி.எஸ். முடித்தவர் அதில் மூன்றாண்டு பயின்று எம்.டி. பட்டம் பெறும் வழி அப்போது திறந்தது. லீட்ஸில் எல்லிஸ் பொறுப்பேற்று 57 ஆண்டு ஆகியிருந்தது. அங்கே விபத்தே முதற்கவலை. இங்கே விபத்தோடு பாம்புக் கடியும், பூச்சிமருந்து அருந்தியவர்களும், தீக்காயம் பட்ட பெண்களும் அந்த வாசலுக்கு வருகிறார்கள். ஆகவே மேலைநாட்டுப் பாடநூலை அப்படியே ஒப்பித்து இங்கே நிற்க முடியாது. பயிற்சி பெறுபவர் இங்குள்ள வாசலில் நின்றே பயில வேண்டியிருக்கிறது.

அந்த வாசலுக்கு நோயாளியைக் கொண்டுவருவதில் 108 வண்டிகள் பெரும் மாறுதலைச் செய்தன. 2005இல் ஆந்திரத்தில் தொடங்கிய அச்சேவை 2008இல் தமிழகத்துக்கு வந்தது. வண்டியில் வருபவர் மருத்துவர் அல்லர். அவசர மருத்துவ உதவியாளர் என்று அவரை அழைக்கிறார்கள். சிற்றூர்ச் சாலைகளில் பிரசவம் பார்த்தும், முறிந்த காலுக்குக் கட்டுப் போட்டும், மூச்சுக் காற்று கொடுத்தும் நோயாளியை மருத்துவமனை வாசலில் இறக்கும்போது, எங்கே கண்டார், எப்போது கண்டார், வழியில் என்ன செய்தார் என்பதைச் சில வாக்கியங்களில் அவர் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பயிற்சி பெற்ற செவிலியரோ மருத்துவரோ வாசலில் நின்று அதைக் கேட்கும் இடங்களில், நோயாளியைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோவதற்கு முன்பே அவரை எந்த வரிசையில் சேர்ப்பது என்பது முடிவாகிவிடுகிறது. சிவப்பு என்றால் உடனே, மஞ்சள் என்றால் சற்றுப் பொறுத்து, பச்சை என்றால் காத்திருக்கலாம்.